ஏரி பச்சையாகிவிட்டது: படிகாரமா, லாந்தனமா, இரும்பா, தூர்வாரலா?

“எங்கள் ஊர் ஏரி மூன்று வருடமாகப் பச்சைப் பெயிண்ட் ஊற்றின மாதிரி கிடக்கிறது. ஒருவர் படிகாரம் போடலாம் என்கிறார், இன்னொருவர் லாந்தனம் சேர்த்த களிமண் என்கிறார், பெரியவர்கள் தூர்வாரினாலே போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?”

ஊர்ப் பெயர் மட்டும் மாறி, இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏரிப் பாதுகாப்புக் குழுக்காரர்கள். கையில் கொஞ்சம் நன்கொடையோ, ஏதாவது ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியோ இருக்கும். அப்படிப்பட்ட பணம் ஒருமுறைதான் வரும். அது வீணாய்ப் போனால் அந்த ஊருக்கு அடுத்த பத்து வருடம் யாரும் தர மாட்டார்கள். அதனால் கொட்டேஷனைப் பார்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

## பழைய கடன், புதுக் கடன்

பச்சையாகத் தெரிவது பாசி. அது மண்டுவதற்கு முதல் காரணம் பாஸ்பரஸ். சாக்கடை, சோப்பு, உரம், சாணம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்று எண்ணிட்ட ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சையானது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

அந்தப் பாஸ்பரஸ் இரண்டு வழியாக வருகிறது. இன்றைக்கும் வரத்துக்காலில் வந்து விழுவது புதுக் கடன். முப்பது நாற்பது வருடமாக விழுந்து அடிச்சேற்றில் படிந்து கிடப்பது பழைய கடன். சேற்றில் இருக்கும் இரும்பு பாஸ்பரஸைப் பாஸ்பேட் வடிவில் பிடித்து வைத்திருக்கும். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்தப் பிடி விட்டுவிடும், பாஸ்பேட் மேலே வந்துவிடும். கிளிஃபோர்ட் மார்ட்டிமர் இதை இங்கிலாந்து ஏரிகளில் 1941-லேயே காட்டினார்.

சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். எந்த ரசாயனமும் போடவில்லை. சில வருடங்களில் ஏரி தானாகவே தெளிந்தது. ஸ்வீடனின் ட்ரம்மன் ஏரிக்கும் 1950-களின் கடைசியிலேயே கழிவுநீரை நிறுத்தினார்கள். பத்து வருடம் காத்திருந்தும் அது தேறவில்லை. வாஷிங்டன் மிக ஆழமான ஏரி, ட்ரம்மன் ஆழம் குறைந்தது. ட்ரம்மனில் பழைய கடனுக்கான வட்டி சேற்றிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது.

ரசாயனம் எதுவானாலும் அது அடைப்பது பழைய கடனை மட்டும்தான். சாக்கடை ஓடிக்கொண்டிருக்கும்போது படிகாரம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள கிராண்ட் லேக் செயின்ட் மேரிஸ் சாட்சி. ஆழம் குறைந்த அந்தப் பெரிய ஏரிக்கு 2011-லும் 2012-லும் பெருஞ்செலவில் படிகாரம் போட்டார்கள். சுற்றுவட்டாரப் பண்ணைகளின் சாணமும் உரமும் மழையோடு வந்து விழுந்துகொண்டே இருந்ததால் பச்சை திரும்ப வந்துவிட்டது.

## எதை வைத்து முடிவு செய்வது

பாஸ்பரஸ் வரத்து நின்றுவிட்டதா? இதற்கு “இல்லை” என்பது பதிலானால் இந்தக் கட்டுரையில் வரும் ரசாயனம் எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் சாக்கடையைத் திருப்புங்கள், குறைந்தபட்சம் நுழைவாயில் அருகே ஒரு படிவுக் குட்டையாவது வெட்டுங்கள்.

எவ்வளவு ஆழம்? கோடையில் வற்றுமா? ஆழமான நீர்நிலையில் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் பல மாதம் கலக்காமல் நிற்கும். அடியில் போட்ட மருந்து அங்கேயே இருக்கும். ஆழம் குறைந்த ஏரியைக் காற்று கலக்கிவிடும், மீன் கிளறிவிடும்.

தண்ணீரின் காரத்தன்மை என்ன? அமிலத்தைத் தாங்கும் சக்திதான் காரத்தன்மை. பரிசோதனைக்கு அதிகச் செலவில்லை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். ஆனால் இந்த எண் இல்லாமல் வரும் கொட்டேஷன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரை யார் பயன்படுத்துகிறார்கள்? குடிக்கவா, பாசனத்துக்கா, மீன் குத்தகைக்கா, ஆடு மாடு இறங்கவா?

ஒரு வருடத்துக்கு எவ்வளவு செலவு விழுகிறது? மொத்தச் செலவை அது எத்தனை வருடம் நிற்குமோ அதால் வகுத்துப் பாருங்கள். முதல் வருடத்துப் புகைப்படத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது.

ஒப்பிட வசதியாக ஒரு மாதிரி ஏரியை வைத்துக்கொள்வோம். 25 ஏக்கர், அதாவது சுமார் 10 ஹெக்டேர். சராசரி ஆழம் 2 மீட்டர். மேல்சேற்றில் வெளியேறக்கூடிய பாஸ்பரஸ் சதுர மீட்டருக்கு 3 கிராம், மொத்தம் 300 கிலோ. உங்கள் ஏரியின் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுதான்.

## படிகாரம்

கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுழற்றித் தெளிய வைத்த வீடுகள் நம்மிடம் ஏராளம். ஏரிக்குப் போடுவது அதன் உறவுக்காரப் பொருளான அலுமினியம் சல்பேட். குடிநீர் நிலையங்களில் ‘ஆலம்’ என்று சொல்வது இதைத்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டியில் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும்.

தண்ணீரில் விழுந்ததும் அது வெள்ளைப் பஞ்சு போலத் திரண்டு, பாஸ்பேட்டையும் பாசியையும் பற்றிக்கொண்டு கீழே இறங்கும். சேற்றின் மேல் ஒரு போர்வையாகப் படிந்து, அடியிலிருந்து வருவதையும் பிடிக்கும். இதன் பெரிய பலம், ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் பிடியை விடாது. இரும்புக்கு இந்தக் குணம் கிடையாது.

அனுபவமும் இதில்தான் அதிகம். 1970-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹார்ஸ்ஷூ ஏரிக்குப் போட்டதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் இந்தச் சிகிச்சையைப் பார்த்துவிட்டன. 114 ஏரிகளின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2016-ல் வெளிவந்த ஆய்வு, பலன் சராசரியாக 11 வருடம் நின்றதாகச் சொல்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: அடுக்குப் பிரியும் ஆழமான ஏரிகளில் 21 வருடம், ஆழம் குறைந்தவற்றில் 5.7 வருடம். நம்மூர் ஏரிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. சியாட்டிலின் கிரீன் லேக்கும் ஆழம் அதிகமில்லாததுதான். அங்கே 1991, 2004, 2016 என்று மூன்று முறை போட வேண்டி வந்தது. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு என்று தெரிந்தே அந்த நகரம் திட்டம் போடுகிறது.

மாதிரி ஏரிக்குக் கணக்கு: ஒரு பங்கு பாஸ்பரஸுக்குப் பத்துப் பங்கு அலுமினியம் என்று எடுத்தால் 3 டன் அலுமினியம். ஆலத்தில் எடையில் 9 சதவீதம்தான் அலுமினியம், ஆகவே சுமார் 33 டன் ஆலம். பல ஏரிகளுக்கு இதைவிடக் கூடுதலாகவே தேவைப்பட்டிருக்கிறது.

இனி ஆபத்துக்கு வருவோம். ஆலம் தண்ணீரை அமிலமாக்கும். இந்த 33 டன்னை 2 லட்சம் கனமீட்டர் தண்ணீரில் போட்டால் லிட்டருக்கு 165 மி.கி.; அது லிட்டருக்குச் சுமார் 80 மி.கி. காரத்தன்மையைத் தின்றுவிடும். உங்கள் ஏரியின் காரத்தன்மை 200 இருந்தால் பயமில்லை. மழைத்தண்ணீர் மட்டுமே நிரம்பி 50 இருந்தால், பிஎச் 6-க்குக் கீழே விழுந்து, கரைந்த அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் சோடியம் அலுமினேட்டைச் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும், அல்லது சில தவணைகளாகப் பிரித்துப் போட வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தை யாரும் பேசுவதில்லை. அடர் பச்சை ஏரியில் மத்தியானம் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பிஎச் 9-ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் பஞ்சு திரும்பக் கரையத் தொடங்கும். பிடிமானமும் போகும், மீனுக்கும் ஆகாது. பாசி குறைந்த பருவத்தில், விடிகாலையில் போடுவது நல்லது.

மறைவான செலவுகள் இன்னும் உண்டு. ஏரியில் சாதாக்கெண்டை விட்டிருந்தால் அது சேற்றைத் தோண்டித் தின்னும், போர்வை கிழிந்துபோகும். மீன் குத்தகைக்காரரோடு பேசி அந்த மீனைக் குறைக்காமல் ஆலம் போடுவது வீண். ஆகாயத்தாமரை மூடியிருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேராது. தண்ணீர் தெளிந்த பிறகு வெயில் அடிவரை இறங்கி நீர்ச்செடிகள் வளரும். அது ஏரிக்கு நல்லதுதான். ஆனால் “பாசியை எடுக்கச் சொன்னோம், செடி வந்திருக்கிறது” என்று ஊரில் சண்டை வரும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## லாந்தனம் சேர்த்த களிமண்

1990-களில் ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கியது, ‘பாஸ்லாக்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பென்டோனைட் களிமண்ணில் சுமார் 5 சதவீதம் லாந்தனம் என்ற அரிய மண் தனிமம் ஏற்றியிருக்கும். லாந்தனமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கிட்டத்தட்டக் கல் மாதிரி ஆகிவிடும். ஆக்சிஜன் போனாலும் பிஎச் மாறினாலும் எளிதில் பிரியாது. தண்ணீரை அமிலமாக்காது என்பதுதான் ஆலத்தைவிட இதில் உள்ள பெரிய ஆறுதல்.

ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 100 கிலோ களிமண் என்பது வழக்கமான கணக்கு. மாதிரி ஏரிக்கு 30 டன். ஆலத்தின் எடையும் ஏறக்குறைய அதுதான், ஆனால் இதன் விலை பல மடங்கு. இறக்குமதி, சுங்கம், போக்குவரத்து எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

நெதர்லாந்தின் ரௌப்ராக்கன் என்ற சிறிய, ஆழமான குளியல் ஏரியில் 2008-ல் இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தது. முதலில் கொஞ்சம் அலுமினிய உப்பைப் போட்டு மிதக்கும் பாசியைத் திரட்டிக் கீழே இறக்கினார்கள், அப்புறம் லாந்தனக் களிமண்ணால் அடியைப் பூட்டினார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் ஏரி தெளிவாகவே இருந்தது. ஆழம், சிறிய பரப்பு, குறைந்த வரத்து மூன்றும் சேர்ந்து கிடைத்த வெற்றி அது.

இலைதழை மக்கித் தேநீர் நிறமாக இருக்கும் தண்ணீரில் இது மந்தமாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் மக்குப்பொருள் லாந்தனத்தைப் பற்றிக்கொள்ளும். காரத்தன்மை மிகக் குறைந்த தண்ணீரிலும் உவர்நீரிலும் லாந்தனம் தனியாகக் கரைந்து நிற்க வாய்ப்புண்டு. அங்கே தவிர்ப்பது நல்லது. “அரிய மண் தனிமமா, விஷமாச்சே” என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: சிறுநீரக நோயாளிகளின் உடலில் பாஸ்பேட்டைக் குறைக்க லாந்தனம் கார்பனேட் மாத்திரை கொடுக்கிறார்கள். அதற்காக அளவில்லாமல் கொட்டலாம் என்று ஆகாது.

## இரும்பு

ஃபெர்ரிக் குளோரைடு மலிவு, கழிவுநீர் நிலையங்களுக்குப் பழக்கமானது. ஆக்சிஜன் தீர்ந்தால் பிடி விடுவது இதன் பலவீனம். அதனால் காற்றூட்டும் கருவியோ, மிக அதிக அளவோ தேவைப்படும். பெர்லின் ஓரத்தில் உள்ள கிராஸ் கிளீனிக்கர் ஏரியில் 1992-93-ல் சதுர மீட்டருக்கு 500 கிராம் இரும்பு போட்டார்கள், காற்றும் ஊட்டினார்கள். இருபது வருடம் பலன் நின்றது. அதே அளவை நம் மாதிரி ஏரிக்குப் போட்டால் 50 டன் இரும்பு. மின்கட்டணத்தையும் மோட்டார் பழுதையும் யார் பார்ப்பார்கள் என்று உறுதி இல்லாத ஊருக்கு இது ஒத்துவராது. சல்பேட் அதிகமுள்ள தண்ணீரிலும் இரும்பு வீணாகும். சேற்றில் உருவாகும் சல்பைடு அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

## தூர்வாரல்

ட்ரம்மன் ஏரியின் கதை இங்கே முடிகிறது. 1970-லும் 1971-லும் ஸ்வென் பியார்க் குழுவினர் மொத்தம் ஒரு மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். பத்து வருடக் காத்திருப்பு செய்யாததை அது செய்தது. தண்ணீர் தெளிந்தது, ஏரியும் ஆழமானது.

மாதிரி ஏரியில் 30 செ.மீ. எடுத்தால் 30,000 கனமீட்டர். 10 கனமீட்டர் டிப்பரில் 3,000 நடை. ஈரச் சேற்றை உறிஞ்சிக் காயவைத்துக் கொட்ட வேண்டியிருந்தால், இங்கே பேசும் வழிகளிலேயே மிகச் செலவானது இதுதான். ஆனால் கோடையில் வற்றும் ஏரியென்றால் கணக்கே தலைகீழ். காய்ந்த வண்டலைப் பொக்லைன் அள்ளும், விவசாயி கேட்டு வாங்கிப் போவார். அனுமதி வாங்கி வண்டலைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள அரசும் வழி செய்திருக்கிறது. ஏரியைக் கெடுத்த பாஸ்பரஸ் வயலுக்கு உரமாகப் போகிறது. இவ்வளவு நல்ல ஏற்பாடு வேறு எந்த வழியிலும் இல்லை என்பது என் திடமான எண்ணம்.

இரண்டு எச்சரிக்கைகள். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகளுக்குக் கீழே உள்ள ஏரிகள் போன்றவற்றில் குரோமியம் இருக்கலாம். உலோகச் சோதனை செய்யாமல் வண்டலை வயலுக்கு அனுப்பக்கூடாது. அப்புறம், எவ்வளவு ஆழத்துக்கு எடுப்பது என்பதைச் சேற்று மாதிரிதான் சொல்ல வேண்டும். அடியில் உள்ள களிமண் படுகையையும் உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்காது.

## கொட்டேஷனில் வரும் மற்ற இரண்டு

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசியைச் சில நாளில் கொன்றுவிடும், அதுவும் சல்லிசான விலையில். பாஸ்பரஸ் அப்படியே இருக்கும், அதனால் பாசி திரும்ப வரும், திரும்பப் போட வேண்டும், தாமிரம் சேற்றில் சேர்ந்துகொண்டே போகும். அதைவிட மோசம், நீலப்பச்சைப் பாசி செத்து வெடிக்கும்போது உள்ளிருக்கும் விஷம் தண்ணீரில் கலக்கும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசி மண்டி வாடை அடிக்கிறது என்று காப்பர் சல்பேட் போட்டார்கள். அதற்குப் பிறகு 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலானவர்கள் குழந்தைகள். ஆடு மாடு குடிக்கும் தண்ணீரில் கூட இதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

நுண்ணுயிர்க் கரைசலும் நுண்ணுயிர் சேர்த்த மண் உருண்டையும் இன்னொரு வகை. நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர்கள் 2010-ல் சோதித்துப் பார்த்து, வழக்கமான அளவில் இவை நீலப்பச்சைப் பாசியைக் கட்டுப்படுத்தவில்லை என்றார்கள். பாஸ்பரஸ் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதை இல்லாமல் ஆக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும்.

## ஒரே பார்வையில்

| வழி | மாதிரி ஏரிக்கு அளவு | எங்கே நிற்கும் | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|
| படிகாரம் | சுமார் 33 டன் | ஆழம் உள்ள, காரத்தன்மை போதுமான தண்ணீர் | மழைநீர் ஏரி, சேறு கிளறும் மீன், மத்தியான பிஎச் |
| லாந்தனக் களிமண் | சுமார் 30 டன் | சிறிய, ஆழமான, மூடிய நீர்நிலை | பெரிய பரப்பு, மக்கு நிறத் தண்ணீர், உவர்நீர் |
| இரும்பு | 50 டன் வரை | காற்றூட்டத்துக்கு நிரந்தர ஏற்பாடு உள்ள இடம் | மின்சாரம் நின்றால், சல்பேட் மிகுந்தால் |
| தூர்வாரல் | 30,000 கனமீட்டர் | கோடையில் வற்றும் ஏரி | நச்சு உலோகம் உள்ள சேறு, வற்றாத ஏரி |

## என் தேர்வு

வருடத்தில் ஒருமுறையாவது வற்றும் பாசன ஏரி என்றால் ரசாயனத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சாக்கடையைத் திருப்பி, வற்றிய மாதத்தில் மேல்சேற்றை எடுங்கள்.

வற்றாத நகரத்து ஏரி, சாக்கடை நிஜமாகவே நின்றுவிட்டது, காரத்தன்மை 150-க்கு மேல்: படிகாரம், இரண்டு மூன்று தவணையாக. ஆறேழு வருடத்தில் திரும்பவும் தேவைப்படும் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. 2017-ல் சென்னைக்கே சிக்கராயபுரம் குவாரித் தண்ணீர் தேவைப்பட்டது. ஆழம் அதிகம், பரப்பு குறைவு, சாக்கடை சேராமல் காப்பதும் எளிது. லாந்தனக் களிமண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமாகும் இடம் இதுதான். காரத்தன்மை நன்றாக இருந்தால் ஆலமும் இங்கே நெடுநாள் நிற்கும்.

கோயில் குளத்துக்கு முதலில் மீனுக்குப் பொரி போடுவதையும் பூஜைப் பொருள் கொட்டுவதையும் நிறுத்திப் பாருங்கள். பல குளங்களுக்கு அதுவும் ஒருமுறை தண்ணீரை இறைத்துச் சேறு அள்ளுவதுமே போதுமானதாக இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தக்காரரிடம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: உங்கள் ஏரித் தண்ணீரிலேயே செய்த ஜார் டெஸ்ட் (பாத்திரத்தில் மருந்தைக் கலந்து அளவு பார்க்கும் சோதனை) முடிவு, குறைந்தது ஐந்து இடத்துச் சேற்று மாதிரியின் பாஸ்பரஸ் அளவு, மருந்து போடும் நாளில் மணிக்கொரு முறை பிஎச் பார்ப்பது, 6.5-க்கு இறங்கினால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துவது. மீன் செத்தால் குத்தகைக்காரருக்கு யார் ஈடு கொடுப்பது. மூன்று வருடத்துக்குக் கோடையிலும் மழைக்குப் பிறகும் தண்ணீர்ச் சோதனை. கடைசித் தவணைப் பணத்தை இரண்டாம் வருடச் சோதனை முடிவு வந்த பிறகுதான் தருவோம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்பவரோடு மேலே பேசலாம்.